கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு பூட் பாதியில் நிற்கிறது, உதவி தேவை

கேள்வி:
டெபியன் 12 லினக்ஸ், என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப். அப்டேட்டில் புதிய கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வந்தது. ரீபூட் செய்தால் எழுத்து வரிகள் ஓடி, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. லாகின் திரை வரவே இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்கிறேன். டிஸ்க் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஓஎஸ்ஸை மறுபடி போடாமல் சரிசெய்ய முடியுமா?

பதில்:
தயவுசெய்து மறுபடி போடாதீர்கள். புதிய கெர்னல் வந்தாலும் முந்தையது உடனே அழியாது. கணினி எழும்போது முதலில் வரும் கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய், ஒரு எண் குறைவான கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். ‘ரெகவரி மோடு’ என்று போடாத வரி. அது எழுந்தால் முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் புதிய கெர்னலில் பூட் செய்து, திரை நின்றதும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டுமே உள்ள இன்னொரு லாகின் திரைக்கு மாறும் வழி அது. என்ன வருகிறது என்று சொல்லுங்கள். கடைசியாகத் தெரியும் வரிதான் குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். அது சரியாக முடிந்த வேலையின் வரியாகவும் இருக்கலாம்.

இன்னொருவர்:
கிரப்பில் கெர்னலுக்கான வரியில் ‘நோமோட்செட்’ (திரை அமைப்பைக் கெர்னல் மாற்றாமல் தடுக்கும் ஆப்ஷன்) சேர்த்துப் பார்க்கலாமே?

கேட்டவர்:
பழைய கெர்னல் எழுந்தது, காப்பி எடுத்துவிட்டேன். புதியதில் எஃப்3 அழுத்தினால் லாகின் கேட்கிறது, உள்ளேயும் போக முடிகிறது! நோமோட்செட் போட்டும் மாற்றமில்லை.

பதில்:
நல்ல செய்தி. கணினி ஹேங் ஆகவில்லை, முழுதாக எழுந்துவிட்டது. டெஸ்க்டாப் மட்டும்தான் வரவில்லை.

என்விடியா டிரைவரின் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துண்டு) ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாக கம்பைல் ஆக வேண்டும். டெபியனில் அதை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்யும். ஆனால் அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர்ஸ் (கம்பைல் செய்யத் தேவையான ஃபைல்கள்) இருந்தால்தான். இல்லையென்றால் அப்டேட் ஓடும் நூறு வரிகளுக்கு நடுவே ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும், யார் கண்ணிலும் படாது. என்விடியா கார்டுக்கான இலவச மாற்று டிரைவரான நூவோவையும் என்விடியா பேக்கேஜ் தடுத்து வைத்திருக்கும். ஆக இரண்டு டிரைவரும் இல்லை. நோமோட்செட் பலிக்காததும் இதனால்தான்: அது தகராறு செய்யும் டிரைவரை அடக்க உதவும், இல்லாத டிரைவரைக் கொண்டுவராது.

அந்த எஃப்3 திரையிலேயே ‘சூடோ டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ கொடுங்கள்.

கேட்டவர்:
என்விடியா வரியில் பழைய கெர்னல் எண் மட்டும்தான் இருக்கிறது. புதியது இல்லை.

பதில்:
அதேதான். ‘லினக்ஸ் ஹெடர்ஸ் ஏஎம்டி64’ பேக்கேஜை ஆப்ட் (டெபியனில் பேக்கேஜ் போடும் கட்டளை) வழியாகப் போடுங்கள். குறிப்பிட்ட எண்ணுள்ள ஹெடர்ஸ் மட்டும் இருந்தால் அடுத்த கெர்னலுக்கும் இதே கதை நடக்கும். எண் இல்லாத இந்தப் பேக்கேஜ் ஒவ்வொரு முறையும் புதிய ஹெடர்ஸைத் தானே இழுத்து வரும். போட்டதும் மாட்யூல் கம்பைல் ஆவதைத் திரையில் பார்ப்பீர்கள். ஆகாவிட்டால் ‘சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்’. ஸ்டேட்டஸில் புதிய எண்ணுக்கு எதிரே ‘இன்ஸ்டால்டு’ என்று வந்த பிறகு ரீபூட் செய்யுங்கள்.

பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்க்கும் பாதுகாப்பு) ஆனில் இருந்தால், கையொப்பமில்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. அப்படி நின்றால் சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.

கேட்டவர்:
லாகின் திரை வந்துவிட்டது! செக்யூர் பூட் ஆஃபில்தான் இருந்தது. மிக்க நன்றி. பழைய கெர்னலை இனி நீக்கலாமா?

பதில்:
சில நாள் இருக்கட்டும். பிறகும் கையால் நீக்காமல், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ கட்டளையிடம் விட்டால் போதும், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது தொடாது.