−2¼ ÷ ⅜: மகனுக்கு −14/3, புத்தகத்தில் −6. எது சரி?

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவனின் தாய்):
விகிதமுறு எண்கள் பாடத்தில் ஒரு கணக்கு எங்களைப் படுத்துகிறது. −2¼ ÷ ⅜. மகன் போட்டது இது: −7/4 × 8/3 = −56/12 = −14/3. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை −6. கால்குலேட்டரில் −2 + 1 ÷ 4 என்று போட்டால் −1.75 வருகிறது, அதை 0.375 ஆல் வகுத்தால் −4.66 என்று போகிறது. அதுவும் மகன் பக்கமே பேசுகிறது. புத்தகத்தில் அச்சுப்பிழையா?

பதில் (கல்லூரி மாணவர்):
வகுக்கும் பின்னத்தைத்தான் தலைகீழாக்க வேண்டும். பலர் முதல் பின்னத்தைத் திருப்பிவிடுவார்கள். அதைப் பாருங்கள் அக்கா.

கேட்டவர்:
அது சரியாகத்தான் இருக்கிறது தம்பி. ⅜ தான் 8/3 ஆகியிருக்கிறது.

பதில் (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்):
புத்தகம் சரி. வகுத்தலுக்கு வருமுன்பே கணக்கு தடம் மாறிவிட்டது. −2¼ என்பது −2 + ¼ அன்று. −(2 + ¼). இரண்டேகால் ரூபாய் கடன் என்றால் அந்தக் கால் ரூபாயும் கடன்தானே அம்மா? பிரம்மகுப்தர் 628-இல் குறை எண்களுக்கு விதி எழுதியபோதும் அவற்றைக் கடன் என்றே சொன்னார். ஆகவே கழித்தல் குறியைத் தனியே வைத்துவிட்டு 2¼ ஐ 9/4 ஆக்குங்கள். பிறகு குறியைச் சேருங்கள்.

−9/4 × 8/3 = −72/12 = −6.

கால்குலேட்டரின் மேல் குற்றமில்லை. அடைப்புக்குறி போடாமல் கேட்டால் அது கேட்டதற்குத்தான் விடை சொல்லும்.

கேட்டவர்:
விளங்கியது ஐயா, மிக்க நன்றி. ஆனால் மகன் இப்போது வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எதற்காகத் தலைகீழாக்க வேண்டும் என்கிறான். "விதி அப்படி" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

ஆசிரியர்:
ஒப்புக்கொள்ள வேண்டாம், நல்ல பிள்ளை. தலைகீழாக்காமலே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பகுதிகளைச் சமமாக்கினால் −9/4 என்பது −18/8. இப்போது −18/8 ÷ 3/8. இரண்டும் எட்டில் ஒன்றுகளின் எண்ணிக்கைதான்; எனவே −18 ÷ 3 = −6. பகுதி விடையில் தலைகாட்டவே இல்லை. இன்னொரு வழியும் உண்டு: இரு பக்கத்தையும் 8/3 ஆல் பெருக்கினால் வகுக்கும் எண் 1 ஆகிவிடும், மேலே −9/4 × 8/3 மிஞ்சும். தலைகீழாக்குவது இதன் சுருக்கம்தான்.

கல்லூரி மாணவர்:
ஒன்று சேர்க்கிறேன். திருப்பும்போது குறி மாறாது. −3/5 ÷ −9/10 என்பதில் −9/10 இன் தலைகீழி −10/9. வெறும் 10/9 அன்று. இரண்டு குறை எண்கள் பெருக்கப்படுவதால் விடை +2/3. பெருக்குவதற்கு முன்பே 3 ஐயும் 9 ஐயும், 5 ஐயும் 10 ஐயும் சுருக்கிவிட்டால் பெரிய எண்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் திருப்பிய பிறகே சுருக்க வேண்டும். வகுத்தல் குறி இருக்கும்போதே குறுக்கே அடித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

ஆசிரியர்:
மகனுக்கு ஒரு கணக்கு: −1½ × −2⅔. பழைய பழக்கத்தில் போட்டால் 2/3 வரும். சரியான விடையை அவனே சொல்லட்டும்.

கேட்டவர்:
−3/2 × −8/3 = 4 என்கிறான், ஐயா.

ஆசிரியர்:
சரி. அடுத்து அதே இரண்டு எண்களையும் வகுக்கச் சொல்லுங்கள். 9/16 வர வேண்டும்.