புதுப்பிப்பு: ஃப்ரீடவுன் கப்பலில் சேர்த்த அந்தக் குழந்தை

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் நிற்கும், 'மெர்சி ஷிப்ஸ்' என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் 'குளோபல் மெர்சி' மருத்துவக் கப்பலில் நான் தன்னார்வச் செவிலி. உதடும் அண்ணமும் (வாயின் மேற்கூரை) பிளந்து, எலும்பும் தோலுமாக வந்த பெண் குழந்தையைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். எடை போதாமல் அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருந்தது. பிழைத்தாளா என்று பலர் கேட்டீர்கள்.

பிழைத்தாள்! உதட்டைத் தைத்தாகிவிட்டது.

அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியே வந்துவிடும். குடிக்கப் போராடியே களைத்துத் தூங்கிப்போகும். தாயிடம் பால் இருந்தும் பிள்ளை பட்டினி. அதனால் அந்தத் தாய் பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சிறு கரண்டியால் கன்னத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக விட்டார். இரவிலும் இதே பாடுதான். சுமார் நாலரைக் கிலோ எடையும் 10 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால்தான் உதட்டு அறுவையைப் பற்றி யோசிப்பது வழக்கம். எடை தேறிய அன்று அவர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னார். தையலைப் பிய்த்துவிடாதபடி இப்போது குழந்தையின் முழங்கைகளில் மடங்காத உறை. அண்ணத்துக்கான அறுவை ஒரு வயதை ஒட்டித்தான்.

மதம் மாற்றுகிறீர்களா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அந்தத் தாய் முஸ்லிம். கட்டிலருகே பாய் விரித்துத் தொழுவார். அந்நேரம் குழந்தை என் மடியில் இருப்பாள். இயேசு என்னை அனுப்பினார் என்று நம்பி வந்தவள் நான். சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை, நிபந்தனையும் இல்லை.

வர விரும்பும் செவிலியருக்கு: சம்பளம் கிடையாது. குழந்தைகள் வார்டில் நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள்.