பழவேற்காட்டில் பெரிய கப்பல் நுழையாதே, டச்சுக்காரர்கள் ஏன் அங்கே கோட்டை கட்டினார்கள்?

சூளூர்பேட்டை_வாசகி:
தடா, ஆரம்பாக்கம், பழவேற்காடு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூர் வரலாற்றுக் கையேடு ஒன்று தயாராகிறது. ‘நல்ல இயற்கைத் துறைமுகம் என்பதால் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று வரைவில் இருக்கிறது. ஏரியோ ஆழமில்லாதது, முகத்துவாரமும் மணல் மூடிக்கொள்கிறது. அப்படியிருக்க இந்த வரி சரியா? சரக்கை எப்படி ஏற்றினார்கள்?

ஏரிக்கரை:
அந்த வரியை எடுத்துவிடுங்கள் அக்கா. கப்பல் ஏரிக்குள் வரவே இல்லை, வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை மசூலா படகுகள்தான். அவற்றில் ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோல் திணித்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அறைந்தால் பலகை வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அடியில் பிளந்துவிடும். என்ன, தையல் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், ஒருவர் இறைத்தபடியே இருக்க வேண்டும். துணிப்பொதி நனைந்தால் உப்புக் கறை பிடித்து விலை விழும்.

அக்டோபர் பாதிக்கு மேல் வாடைக் காற்று கரையை நோக்கி அடிக்கும், நங்கூரம் இழுபடும், புயலும் வரும். அதனால் அதற்குள் கப்பல்கள் கிளம்பிவிட வேண்டும். துணி தாமதமானால் பருவமே போச்சு. கையேட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

நூல்கண்டு:
இடத்தைத் தீர்மானித்தது துணி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்கு, பாண்டா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளி மட்டும் போதவில்லை. அங்குள்ளவர்கள் பெரிதும் கேட்டது சோழமண்டலத் துணியை, அதிலும் சாயவேர்ச் சிவப்பு ஏறிய துணியை. நிறமோ நீளமோ மாறினால் வாங்க மாட்டார்கள்.

வேலை நடந்த விதம் இது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகரிடம் முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளருக்குக் கொடுப்பார், நெசவாளர் அதில்தான் நூல் வாங்குவார். டச்சு ஆவணங்களில் ‘மலையா’ என்று வரும் அச்யுதப்ப செட்டி இத்தகைய பெருவணிகர். மழை பொய்த்துப் பஞ்சு விலை ஏறினால் முன்பணம் பத்தாது, நெசவு இளகும், துண்டு குறுகும். போர் வந்தால் நெசவாளர் ஊரையே காலி செய்துவிடுவார்கள், கொடுத்த முன்பணமும் அத்தோடு போகும். பணம் வேண்டுமென்பதற்காகவே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வராகன் என்ற பொற்காசை அச்சடித்தார்கள்.

அடுத்தது அனுமதி. தெற்கே சாந்தோமில் போர்த்துக்கீசியர், வடக்கே மசூலிப்பட்டினத்தில் கோல்கொண்டா சுல்தானின் அதிகாரிகள். நடுவில் விஜயநகர மன்னர் வேங்கடபதி 1610-இல் டச்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1612-இல் போர்த்துக்கீசியர் வந்து பண்டகசாலையை அழித்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்ததற்கு அதுதான் காரணம். டச்சு அதிகாரி வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார்.

சூளூர்பேட்டை_வாசகி:
மிக்க நன்றி. அப்படியானால் துர்கராஜபட்டினம்? ஆங்கிலேயர் அங்கிருந்து ஏன் நகர்ந்தார்கள்?

நூல்கண்டு:
அதே காரணம்தான். 1626-இல் அங்கே, அதாவது ஆங்கிலேயர் ஆர்மகான் என்ற இடத்தில், பண்டகசாலை அமைத்தார்கள், பிறகு சிறு கோட்டையும் கட்டினார்கள். ஆனால் விரும்பிய துணி போதுமான அளவிலும் நல்ல விலையிலும் கிடைக்கவில்லை. ஆங்கிலக் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே தெற்கே தேடிப்போய் 1639-இல் மதராசில் இடம் வாங்கினார். அங்கே துறைமுகமே கிடையாது, அலை இன்னும் மோசம். ஆனாலும் துணி மலிவு, உள்ளூர் நாயக்கரும் ஆதரவு.

கந்தகம்:
இன்னும் இரண்டை விடாமல் சேருங்கள். ஒன்று, பழவேற்காட்டின் வெடிமருந்து ஆலை. பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பல்களுக்கும் இங்கிருந்து மருந்து போனது. அக்கால வழக்கப்படி ஏறத்தாழ வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. உப்பு மண்ணைச் சுரண்டி, நீரில் ஊறவைத்து, வடிகட்டி, காய்ச்சி ஆறவிட்டால் வெடியுப்பு படிகமாகும். ஒரே தடவையோடு நிறுத்தினால் சமையல் உப்பு கலந்தே இருக்கும். அது கடல் ஈரத்தை இழுத்து மருந்தை நமுத்துப்போகச் செய்யும். அதனால் மறுபடியும் கரைத்துக் காய்ச்சுவார்கள். மூன்றையும் நனைத்துத்தான் அரைக்க வேண்டும், உலர அரைத்தால் பொறி பட்டு ஆலையே போய்விடும்.

இன்னொன்று அடிமை வணிகம். இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடாதீர்கள். 1621-இல் டச்சுப் படை பாண்டா மக்களைக் கொன்றும் விரட்டியும் தீவை வெறுமையாக்கியது. ஜாதிக்காய்த் தோட்டங்களுக்கும் பத்தாவியாவுக்கும் உழைக்கக் கைகள் தேவைப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்ச ஆண்டுகளில் எண்ணிக்கை உயர்ந்தது, பசியில் பிள்ளைகளை விற்ற குடும்பங்களும் உண்டு. துணி ஏற்றிய அதே துறையிலிருந்துதான் அவர்களும் போனார்கள்.

ஏரிக்கரை:
தேதி வரிசைக்கு: 1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. 1690-இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. பழவேற்காடு 1825-இல் முழுதாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பிள்ளைகளை அழைத்துப்போவதானால் டச்சுக் கல்லறைத் தோட்டம் போதும். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளையும், 17-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளையும் காட்டலாம். எழுத்து தேய்ந்திருக்கிறது, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது படிக்கலாம். சுண்ணாம்போ மாவோ தடவ விடாதீர்கள், கல் கெட்டுவிடும்.