நான் போகாத ரோட்டில் என் கார் நம்பர்: அபராதம் கட்டிவிடலாமா?

சாம்பல்கார் எழுதியது:

நேற்று ஒரு அபராத நோட்டீஸ் வந்தது. வேக வரம்பை மீறினேனாம். தேதி, நேரம், என் கார் நம்பர் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டில் நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அன்றைக்கு என் கார் ஒர்க்‌ஷாப்பில், லிஃப்ட்டின் மேல், நாலு சக்கரமும் கழற்றிய கோலத்தில் நின்றுகொண்டிருந்தது.

கேமரா நம்பரைத் தப்பாகப் படித்திருக்கும், எட்டையும் மூன்றையும் குழப்பியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கூடவே இருந்த படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. அதே மாடல், அதே சாம்பல் நிறம், அதே நம்பர். ஒர்க்‌ஷாப் ஆள் யாராவது ஓட்டிக்கொண்டு போயிருப்பானோ என்று ஒரு நிமிடம் அவர்களையும் சந்தேகப்பட்டேன், பாவம்.

என் மனைவிதான் கண்டுபிடித்தாள். “பின் பம்பர் நசுங்கல் எங்கே?” என்றாள். இரண்டு வருடத்துக்கு முன் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் இடித்தது. இடது மூலையில், உள்ளங்கை அளவுக்கு. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. படத்தில் இருக்கும் காரின் பம்பர் வழுவழுவென்று இருக்கிறது.

ஆக, என் நம்பரை எவனோ அச்சடித்து மாட்டிக்கொண்டு திரிகிறான். தொகை பெரிதில்லை, கட்டித் தொலைத்துவிடலாமா? இல்லை, போலீஸ் வரைக்கும் போக வேண்டுமா? என் கார் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் புரியவில்லை.

கேமராபின்னால் எழுதியது:

கட்டாதீர்கள். கட்டினால் அந்த வண்டியை ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அடுத்த நோட்டீஸ் வரும்போது “அதை மட்டும் ஏன் கட்டினீர்கள்?” என்று கேட்பார்கள். அதற்காக நோட்டீஸை மேஜை டிராயரில் போட்டு மூடிவிடவும் கூடாது. மறுப்பு சொல்லக் கெடு இருக்கும், அது தாண்டினால் தொகை ஏறும், விவகாரம் கோர்ட் வரை போகும்.

சில வருடம் இந்தக் கேமராப் படங்களைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவன் நான். நம்பரைப் படிக்கும் கேமரா 1976ல் பிரிட்டன் போலீஸின் அறிவியல் பிரிவில் உருவானது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அதன் அடிப்படை வேலை எழுத்தைப் படிப்பதுதான். பார்க்கும் ஆளும் மாடலும் நிறமும் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நாங்கள் ஒரு நாளில் எத்தனை பார்ப்போம் என்று நினைக்கிறீர்கள்? கண்ட நம்பரை எழுதி மாட்டினால் அது எந்தப் பதிவிலும் இருக்காது, உடனே மாட்டிக்கொள்வான். அதனால்தான் தன்னிடம் இருப்பது போலவே இன்னொரு வண்டியைத் தேடி, அதன் நம்பரை எடுக்கிறான்.

நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்துக்கு எழுதி, படத்தின் மூலப் பிரதியை முழு அளவில் கேளுங்கள். நோட்டீஸில் வருவது சுருக்கிய படம். பெரிய படத்தில் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர், வீல் கப், பம்பர் கீறல், ஏன், நம்பர் பிளேட்டில் ஸ்க்ரூ எந்த இடத்தில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். பிறகு உங்கள் காரை அதே கோணத்தில், அதே தூரத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டு இருக்கிறதல்லவா? அதில் வண்டியை விட்ட நேரம், எடுத்த நேரம், கிலோமீட்டர் எல்லாம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அபராதத்தை விடுங்கள். நாளைக்கு அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டுப் போனாலோ, பெட்ரோல் போட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடினாலோ முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், வண்டி பதிவான அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சாம்பல்கார் எழுதியது:

நன்றி சார். ஜாப் கார்டு கிடைத்தது. காலை 9.40க்கு விட்டிருக்கிறேன், மாலை 6க்கு எடுத்திருக்கிறேன். நோட்டீஸில் இருக்கும் நேரம் மதியம் 1.15.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதம் முன் காரை விற்கலாம் என்று ஒரு விளம்பரம் போட்டு, அப்புறம் மனம் மாறி எடுத்துவிட்டேன். எட்டுப் படம். அதில் ஐந்தில் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. நசுங்கிய மூலையை மட்டும் கவனமாகத் தவிர்த்து எடுத்திருந்தேன்!

வழிப்போக்கன் எழுதியது:

நம்பரை மறைத்து என்ன பயன்? ரோட்டில் போகிற எல்லோரும் பார்க்கத்தானே அதை மாட்டியிருக்கிறது? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

ஸ்பானர் எழுதியது:

ரோட்டில் தேடுவதென்றால் அவன் அலைய வேண்டும். விளம்பரத்தில் மாடல், வருடம், நிறம், நம்பர் நாலும் ஒரே பக்கத்தில், உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறது. நம்பரை மறைப்பதால் முழுப் பாதுகாப்பு கிடைக்காதுதான். ஆனால் நாமாகத் தட்டில் வைத்து நீட்ட வேண்டாம், அவ்வளவுதான்.

சாம்பல்கார் தம்பி, உங்கள் பிளேட் உங்களிடமே இருக்கிறது. அவன் வேறு அடித்திருக்கிறான். பிளேட்டையே கழற்றிக்கொண்டு போவது வேறு கதை. சாதாரண ஸ்க்ரூ என்றால் ஒரு நிமிடம்கூட ஆகாது. என்னிடம் வந்த ஒருவர் பின் பிளேட் இல்லாமலேயே இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். பின்பக்கத்தை யார் தினமும் பார்க்கிறோம்? காணாமல் போனால் விழுந்திருக்கும் என்று விடாமல் அன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும். முறுக்க மட்டும் முடிகிற, திருப்பிக் கழற்ற முடியாத ஸ்க்ரூ இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கை போகாது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு ஹாலோகிராமும் லேசரில் பொறித்த எண்ணும் இருக்கும் பிளேட் கட்டாயம். அதை மாட்டும் பூட்டைக் கழற்றினால் உடைந்துவிடும், மறுபடி போட முடியாது. பிரிட்டனில் பதிவுபெற்ற கடைக்காரர் அடையாளச் சான்றும் வண்டிப் பேப்பரும் பார்த்துத்தான் பிளேட் அடித்துத் தர வேண்டும். திருடன் கடைக்காரரிடம் பேப்பரைக் காட்டிவிட்டா அடிக்கப்போகிறான் என்பது வேறு விஷயம்.

எனக்கு உண்மையில் பயம் வேறு. அவன் ஓட்டுவது திருட்டு வண்டியாக இருந்தால், உங்கள் நம்பரை மாட்டி, பேப்பரும் போலியாகத் தயாரித்து யார் தலையிலாவது கட்டிவிடுவான். பழைய கார் வாங்குகிறவர்கள் பிளேட்டையும் பேப்பரையும் மட்டும் பார்க்காதீர்கள், சேஸிஸ் நம்பரை, அதாவது தயாரிக்கும்போதே வண்டியில் பொறிக்கும் எண்ணைப் பாருங்கள். முன் கண்ணாடியின் அடியில் டாஷ்போர்டு ஓரத்தில், டிரைவர் கதவுத் தூணில், பானெட்டுக்குள் உடம்பில் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும். எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது, ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்பதால். அந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். அரம் போட்ட இடம் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது. போலீஸ் பிடித்தால் வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும்.

வழிப்போக்கன் எழுதியது:

சரி, இப்போதுதான் கீழே போய் என் பின் பிளேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவைக் காணோம்.

சாம்பல்கார் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். பெரிய படம் கிடைத்தது. நசுங்கல் இல்லை என்பது உறுதி. அதைவிட, என் பின் கண்ணாடியில் கீழே வலப்பக்கம் கிழிந்த ஸ்டிக்கரின் பசைத் தடம் உண்டு. அதுவும் அந்த வண்டியில் இல்லை. அவனுடைய பிளேட்டில் கடைசி இரண்டு எண்ணும் கொஞ்சம் நெருங்கி ஒட்டியிருக்கிறது. இரண்டு படத்தையும் ஒரே தாளில் அச்சடித்து, வித்தியாசங்களைச் சிவப்பில் வட்டம் போட்டு, ஜாப் கார்டு நகலோடும் புகார் எண்ணோடும் அனுப்பினேன். அபராதத்தை ரத்து செய்துவிட்டதாகப் போன வாரம் பதில் வந்தது.

நேற்று இன்னொரு நோட்டீஸ். இந்த முறை சிக்னலில் நிற்காமல் போயிருக்கிறான். ஆளை இன்னும் பிடிக்கவில்லை. பழைய கடிதத்தையே தேதி மாற்றி அனுப்பிவிட்டேன், பத்து நிமிட வேலை. பம்பரைச் சரிசெய்ய வேண்டாம் என்று இப்போது மனைவியே சொல்கிறாள்.