முதல் மாடல் ரயில் லேஅவுட்: கடைசி ட்ராக்க சேர்த்த உடனே கன்ட்ரோலர் கட் ஆகுது, உதவுங்க

செங்கோட்டை_லைன்:
எல்லாருக்கும் வணக்கம், முதல் தடவையா லேஅவுட் போடுறேன், அவசர உதவி வேணும். 8க்கு 4 ப்ளைவுட் வாங்கி அதுமேல ட்ராக் எல்லாத்தையும் என் ப்ளான்படி அடுக்கிட்டேன், கடைசி பீஸ சேர்க்கிற வரைக்கும் எஞ்சின் அருமையா ஓடுது, அத சேர்த்த உடனே கன்ட்ரோலர்ல செவப்பு லைட் எரிஞ்சு கட் ஆயிடுது. அந்த ஒரு பீஸ எடுத்துட்டா மறுபடி ஓடுது. மூணு நாளா மண்ட காயுது. கன்ட்ரோலர் போச்சா, ட்ராக்ல கோளாறா? ஞாயித்துக்கிழம அத்தான் குடும்பத்தோட வர்றாங்க, செட்ட வாங்கிக் குடுத்ததே அவங்கதான், அதுக்குள்ள ஓடணும். அப்புறம் ஒரு லைன் மேல இன்னொரு லைன் தாண்டிப் போகணும், 13 கண் பாலம் மாதிரி, அதுக்கு எவ்வளவு உயரம் வைக்கணும்னும் சொல்லுங்க.

ஆவடி_சால்டர்:
என்ன ஸ்கேல்? டிசியா (கன்ட்ரோலர்ல கரண்ட கூட்டிக் குறைச்சு ஓட்டுறது), டிசிசியா (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்புறது)? பாயிண்ட்ஸ், அதாவது லைன் ரெண்டா பிரியுற இடம், எத்தன இருக்கு? எதுவுமே சொல்லலியே நண்பா. எனக்கு சந்தேகம் ஜாயினர் மேலதான், ரெண்டு ட்ராக் பீஸ இணைக்கிற சின்ன தகடு. கடைசி பீஸோட ஜாயினர்ல பிசிறு இருந்தா பக்கத்து ரெயில தொடும். டார்ச் அடிச்சு பாருங்க. நான் பாத்த பாதி ஷார்ட் ஜாயினர்லதான் இருந்துது.

டிசிசி_கோவை:
ப்ரோ டிசிசிக்கு மாறிடுங்க. இந்த தொல்லையே இருக்காது. ரெண்டு வயர் மட்டும் குடுத்தா போதும், எத்தன எஞ்சின் வேணா ஓட்டலாம்.

ரொறன்ரோ_யாழ்தேவி:
தம்பி, ப்ளானை ஒருக்கா படமாப் போடுங்கோ. கடைசித் துண்டு எங்க வருது எண்டு தெரியாமல் ஒருத்தரும் சொல்லேலாது. மேசை சுவரோட ஒட்டி நிக்குதோ, நாலு பக்கமும் நடக்கலாமோ எண்டும் சொல்லுங்கோ.

பழைய_கார்டு:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. ட்ராக் வாங்குறதுக்கு முன்னாடி பேப்பர் பென்சில் எடுக்கணும். ஸ்கேல் சொல்லத் தெரியாதவர் மேம்பாலத்துக்கு ஆசப்படக் கூடாது. நான் முதல் ரெண்டு வருஷம் இங்கிள்நூக்ங்கிற சின்ன ஷண்டிங் லேஅவுட் மட்டும்தான் வச்சிருந்தேன். ரெண்டே பாயிண்ட்ஸ், மூணு சைடிங் (வேகன் நிறுத்துற ஒதுக்கு லைன்), ஒண்ணுல 5 வேகன் நிக்கும், மத்த ரெண்டுல 3, 3. எட்டு வேகன்ல சீட்டுக் குலுக்கி அஞ்சு எடுத்து அந்த வரிசையிலேயே ரயில் சேர்க்கணும், மொத்தம் 6720 வரிசை வரும். அத ஓட்டிப் பழகுங்க, பிறகு 8க்கு 4 பத்தி பேசலாம்.

செங்கோட்டை_லைன்:
மன்னிக்கணும் அண்ணாச்சி. எச்ஓ, 1:87 (நிஜத்துல 87ல ஒரு பங்கு), டிசிதான். படம் ஏற மாட்டேங்குது, எழுதிடுறேன். ஸ்டேஷன் ஒரு நேர் லைன், அதோட கடைசில ஒரு பாயிண்ட்ஸ், அதுல இருந்து 18 இன்ச் வளைவுல பெருசா ஒரு சுத்து சுத்தி அதே பாயிண்ட்ஸோட இன்னொரு கால்ல வந்து சேரும். அதாவது ரயில் போய் சுத்திட்டு அதே லைன்ல மூஞ்சி திரும்பி ஸ்டேஷனுக்கு வரும். சுவரோட ஒட்டித்தான் போட்டிருக்கேன், வேற இடம் இல்ல. இன்னொண்ணு, கூட்ஸ் வேகன் எல்லாம் நல்லா போகுது, அத்தான் பின்னாடி அனுப்புன 85 அடி (நிஜ அளவுல) கோச் ரெண்டும் வளைவுல கவுந்துடுது.

ரொறன்ரோ_யாழ்தேவி:
இப்ப விளங்குது. கன்ட்ரோலரும் பழுதில்லை, ட்ராக்கும் பழுதில்லை. ஒரு வேலை செய்யுங்கோ. வெள்ளைத் தாளில உங்கட ப்ளானை ரெண்டு கோடாக் கீறுங்கோ, ஒரு தண்டவாளத்துக்கு ரெண்டு ரெயில் தானே. ஸ்டேஷனில நிண்டு லூப்பைப் பாத்தபடி வலப்பக்க ரெயிலைச் சிவப்புப் பேனையாலயும் இடப்பக்க ரெயிலை நீலப் பேனையாலயும் பேனையை எடுக்காமல் கீறிக்கொண்டு போங்கோ. சுத்தி வந்து பாயிண்ட்ஸில சேரேக்க சிவப்பு போய் நீலத்தில முட்டும். அந்த இடத்திலதான் ப்ளஸ்ஸும் மைனஸும் சேருது, கன்ட்ரோலர் தன்னைக் காப்பாத்த நிப்பாட்டுது. ரெண்டு ரெயில்லயும் கரண்ட் போற எந்த லேஅவுட்டிலயும் இது வரும்.

ஆவடி_சால்டர்:
ஆமா, ஜாயினர்னு நான் சொன்னது தப்பு, இது ரிவர்ஸ் லூப் ஷார்ட்டேதான். டிசிசி போட்டாலும் இதே ஷார்ட் வரும், அங்க ப்ளஸ் மைனஸ தானா மாத்துற ஆட்டோ ரிவர்சர்னு தனி போர்டு வாங்கி வைக்கணும், அதனால மாறினா தொல்லை இல்லங்கிறது சரியில்ல கோவை ஜி. டிசில இப்படி பண்ணுங்க: லூப்போட ரெண்டு முனையிலயும் பாயிண்ட்ஸ தாண்டின உடனே ரெண்டு ரெயில்லயும், மொத்தம் நாலு இடத்துல, மெட்டல் ஜாயினர எடுத்துட்டு ப்ளாஸ்டிக் ஜாயினர் போடுங்க. லூப்புக்கு கன்ட்ரோலர்ல இருந்து நேரா வயர், ஸ்டேஷன் லைனுக்கு ப்ளஸ் மைனஸ மாத்தி விடுற ஒரு டிபிடிடி ஸ்விட்ச் வழியா வயர். ரயில் மொத்தமும் லூப்புக்குள்ள போனதும் அந்த ஸ்விட்ச்சையும் பாயிண்ட்ஸையும் மாத்தி விட்டா வண்டி நிக்காம வெளிய வரும். லூப் உங்க நீளமான ரயில விட நீளமா இருக்கணும், அது முக்கியம்.

டிசிசி_கோவை:
ஆட்டோ ரிவர்சர் இருந்தா ஸ்விட்ச்ச தொடவே வேண்டாம்னு சொல்ல வந்தேன். டிசில ஒவ்வொரு தடவையும் கையால மாத்தணும், மறந்தா நட்ட நடுவுல நிக்கும்.

பழைய_கார்டு:
கோச் கவுறதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியே. 85 அடி கோச் எச்ஓல கிட்டத்தட்ட 30 செமீ. வளைவோட ஆரம் கோச் நீளத்துல குறஞ்சது ரெண்டு மடங்கு, மூணு மடங்கு இருந்தா பாக்க லட்சணம். 18 இன்ச்னா 46 செமீ, ஒன்றரை மடங்குதான் வருது. ரெண்டு மடங்குக்கு 24 இன்ச் ஆரம் வேணும், அப்ப விட்டமே 4 அடி, உங்க பலகை முடிஞ்சுது. இதெல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும். 40 அடி வேகனோட நிறுத்திக்குங்க. மேம்பாலமும் அதே கதைதான். அடில வண்டி போக 3 இன்ச் இடைவெளி வேணும், 2 சதவீத ஏத்தத்துல 3 இன்ச் ஏற பன்னிரண்டரை அடி, இறங்க இன்னொரு பன்னிரண்டரை. 8க்கு 4ல 18 இன்ச் வளைவு வச்சு வட்டமா போட்டாலே மொத்தம் 18 அடி சொச்சம்தான். முடியாது.

மீட்டர்கேஜ்_மனசு:
ஒரு நிமிஷம். 13 கண் பாலம்னா செங்கோட்டை–புனலூர் லைன், அது மீட்டர் கேஜா (ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல 1000 மிமீ) இருந்த லைன். 1904ல ஓட ஆரம்பிச்சு, பிராட் கேஜா மாத்தி 2018லதான் திறந்தாங்க. 1000 மிமீய 87ஆல வகுத்தா பதினொன்றரை மிமீ. நீங்க வச்சிருக்கிற 16.5 மிமீ ட்ராக் 1435 ஸ்டாண்டர்டு கேஜ். அந்தப் பாலத்து மேல அத போட்டா அது வேற ஊரு. 12 மிமீ ட்ராக் வாங்குங்க.

பழைய_கார்டு:
இன்னைக்கு அங்க ஓடுறது பிராட் கேஜ். 1676ஐ 87ஆல வகுத்தா 19.3 மிமீ. சுத்தமா வேணும்னா ட்ராக்க கையாலதான் கட்டணும், நான் ஆறடி கட்டியிருக்கேன்.

ரொறன்ரோ_யாழ்தேவி:
எங்கட இலங்கையிலயும் அதே 1676 தான். கொழும்புத் திட்டத்தில கனடா தந்த எம்2 எஞ்சின்களுக்கு கனடா மாகாணங்களின்ர பேர் வச்சவை, நான் ஒண்டை ஸ்டைரீன் ஷீட்டில செய்து 16.5இலதான் ஓட விடுறன். முன்னால நிண்டு பாத்த ஒருத்தரும் ரெண்டே முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கேக்கேல்லை.

மீட்டர்கேஜ்_மனசு:
கேக்காததால சரின்னு ஆயிடாதுங்க. அந்த சின்ன கேஜ்ல பெட்டி ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கும், ஓடும்போது லேசா ஆடும், அதுதான் அந்த லைனோட அழகே. நான் ஆரியங்காவு குகைக்குள்ள ஜன்னல் கம்பிய புடிச்சுட்டு போனவன், எனக்கு அது தெரியும்.

பழைய_கார்டு:
நீங்க ஜன்னல்ல போனீங்க, நான் ட்ராக் கட்டுனேன்.

ஆவடி_சால்டர்:
ரெண்டு பேரும் கேஜுக்கு தனியா ஒண்ணு ஆரம்பிங்களேன், அந்த தம்பிக்கு ஞாயித்துக்கிழம ஆளுங்க வர்றாங்க.

ரொறன்ரோ_யாழ்தேவி:
தம்பி, பாலத்தை விட்டுடாதேங்கோ. லைனை உயர்த்த ஏலாது எண்டு கார்டு ஐயா சொன்னது சரிதான், ஆனா லைனுக்கு மேல லைன் போனால்தானே ஏத்தம் வேணும். 13 கண் பாலத்துக்குக் கீழ ரயில் ஓடேல்லைத்தானே? அப்ப தண்டவாளத்தை இருந்த மட்டத்திலயே விட்டுட்டு நிலத்தைக் கீழ இறக்கி விடுங்கோ. தண்டவாளத்துக்கு அடியில ரெண்டு இன்ச் அகலத்துக்குப் பலகையை விட்டு வச்சு, ரெண்டு பக்கமும் ஜிக்சாவால வெட்டி எடுங்கோ. நாலு இன்ச் கீழ இன்னொரு துண்டு பலகையைப் பொருத்தினால் அதுதான் பள்ளத்தாக்கு. ஏத்தமே இல்லை, எஞ்சின் திணறாது. பாலம் முன் விளிம்புப் பக்கம் வரட்டும். சுவர்ப் பக்கம் நாலடிக்குக் கை எட்டாது, ரெண்டரை அடிக்கு மேல ஒரு பெட்டி கவிண்டால் மேசையில ஏறித்தான் எடுக்கோணும், அதால அந்தப் பக்கம் பாயிண்ட்ஸ் ஒண்டும் வைக்காதேங்கோ.

ஆவடி_சால்டர்:
அருமையான யோசனை. வெட்டுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு இன்ச் பட்டைக்கு அடில ரீப்பர் கட்டை ஒண்ணு ஸ்க்ரூ போட்டுடுங்க, இல்லன்னா மழைக்காலத்துல பட்டை தொய்யும். தெர்மாகோல் பாறை ஒட்டினா வெள்ளை ஃபெவிகால்தான், ரப்பர் பசை பட்டா தெர்மாகோல் கரைஞ்சு குழியாயிடும்.

டிசிசி_கோவை:
என்ன ஆச்சு ப்ரோ? ஞாயிறு முடிஞ்சு நாலு நாள் ஆச்சு.

செங்கோட்டை_லைன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ரெண்டு பேனா வச்சு கீறினேன், சொன்ன மாதிரியே பாயிண்ட்ஸ்ல போய் முட்டுச்சு. ப்ளாஸ்டிக் ஜாயினர் இங்க கிடைக்கல, அதனால லூப்ப எடுத்துட்டு வட்டமாவே போட்டுட்டேன், ஞாயித்துக்கிழம ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுச்சு. முன்பக்கம் ரெண்டடிக்கு வெட்டி நிலத்த இறக்கியாச்சு, சன்போர்டுல வளைவு வெட்டிட்டிருக்கேன். 13 கண்ணுக்கு இடம் பத்தல, ஏழுதான் வருது. அத்தான் குனிஞ்சு அந்த வளைவு வழியா ரயில பாத்துட்டு, ஆச்சிய ஊருக்குக் கூட்டிட்டுப் போன கதைய சொல்லிட்டு இருந்தாங்க.

பழைய_கார்டு:
கோச் ரெண்டையும் என்ன பண்ணீங்க?