புதுப்பிப்பு: தம்பிக்கு வந்தது மூளையுறைத் தொற்று (மெனிஞ்சைட்டிஸ்), தண்டையார்பேட்டை

தம்பிக்குக் காதில் சீழ், கடும் காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி. தெருமுனை கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை தந்தார்கள், என்ன செய்வது என்று பன்னிரண்டு நாட்களுக்கு முன் கேட்டிருந்தேன். "தாடை நெஞ்சைத் தொடுகிறதா பாருங்கள்" என்று பதில் எழுதிய அக்காவுக்குக் கோடி நன்றி.

தொடவில்லை. பின்கழுத்து மரக்கட்டையாக இருந்தது. டியூப்லைட் வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அம்மாவை யார் என்று கேட்டான். உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

ரத்தம் எடுத்த கையோடு வீக்கம் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன், கிருமியைக் கொல்லும் செஃப்ட்ரியாக்ஸோன், வான்கோமைசின் மூன்றையும் ஏற்றிவிட்டார்கள். ஸ்கேன் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாதாம். பிறகு முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். கால் விழுந்துவிடும் என்று சித்தப்பா தடுத்தார். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்கும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தெளிவாக இருக்க வேண்டிய அந்த நீர், அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கியிருந்தது. அந்தச் சின்னக் குழாயை என்னால் மறக்கவே முடியாது. அந்த நீரில் சர்க்கரை குறைவு, புரதமும் வெள்ளணுக்களும் அதிகம். சோதனையில் வளர்ந்த கிருமி நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாமல் தடுக்கும் மாத்திரை தேவைப்படவில்லை. மெனிங்கோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா என்றால் கட்டாயம் கொடுப்பார்களாம்.

நேற்று இட்லி கேட்டுச் சாப்பிட்டான். இடது காது மட்டும் மந்தமாக இருக்கிறது. திங்கட்கிழமை செவித்திறன் பரிசோதனை. முடிவை இங்கேயே எழுதுகிறேன்.