நிலவுக்கா, வங்கக் கடலுக்கா: அடுத்த 100 கோடி ரூபாயை எங்கே வைப்பது?

கேள்வி: குமரி ஆசிரியர்

நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். மக்களின் வரிப்பணம் விண்வெளிப் பயணத்துக்கு முதலில் செல்ல வேண்டுமா, புவி அறிவியலுக்கு முதலில் செல்ல வேண்டுமா என்று சென்ற வாரம் எங்கள் மாணவர்கள் வழக்காடினார்கள். நடுவராக அமர்ந்திருந்த என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

புவி அறிவியல் தரப்பினர் கணக்கோடு வந்தார்கள். 2025-26 நிதியாண்டில் விண்வெளித் துறைக்கு ஏறத்தாழ 13,400 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வானிலை, கடல், நிலநடுக்கம், துருவ ஆய்வு அனைத்தையும் சுமக்கும் புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 3,650 கோடி. 2024 செப்டம்பரில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மொத்தச் செலவு, விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து, 20,193 கோடியாக உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் வானிலை ஆய்வுக்கான மௌசம் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒப்புதலானது 2,000 கோடி.

விண்வெளித் தரப்பில் பேசிய மாணவி ஒருவர், 2023 ஆகஸ்ட் 23 மாலையில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் இயற்பியல் படிப்பது என்று முடிவு செய்ததாகச் சொன்னார். அதற்கான செலவு 615 கோடிதான் என்றும், ஒரு தலைமுறையை அறிவியலுக்கு அழைத்துவர இதைவிடச் சிக்கனமான வழி இருந்தால் காட்டுங்கள் என்றும் கேட்டார். அவர் 2017இல் ஒக்கிப் புயலில் தந்தையை இழந்தவர். அவர் அந்தப் பக்கம் நின்று பேசியதுதான் என் வாயை அடைத்தது.

எனவே கேள்வியைச் சுருக்கியே கேட்கிறேன். அடுத்த 100 கோடி ரூபாய் உங்கள் பொறுப்பில் விடப்பட்டால், அதை எங்கே வைப்பீர்கள், ஏன்?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பொறியாளர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். செயற்கைக்கோள் தரவுகளைப் பதப்படுத்தும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், மாணவர்கள் தராசில் வைத்த இரண்டு தொகைகளைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். விண்வெளித் துறையின் 13,400 கோடியும் நிலவுக்கும் செவ்வாய்க்கும் போவதில்லை. ஏவுகலங்கள், தொலைத்தொடர்பு, வழிகாட்டும் செயற்கைக்கோள்கள், பயிரையும் நீர்நிலையையும் காட்டையும் படமெடுக்கும் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் எல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. மறுபுறம், 2024 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்ட வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஎஸ்-க்கு முழுச் செலவையும் ஏற்றது புவி அறிவியல் அமைச்சகம். இரண்டு துறைகளின் எல்லைக்கோடு பணத்தில் அவ்வளவு தெளிவாக ஓடவில்லை.

வரலாறும் அப்படித்தான். விக்ரம் சாராபாய் இந்தத் துறையைத் தொடங்கியபோதே, நிலவுக்கும் கோள்களுக்கும் மனிதப் பயணத்துக்கும் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1979இல் பாஸ்கரா, 1988இல் ஐஆர்எஸ்-1ஏ என்று நாம் முதலில் மேலே அனுப்பிய கண்கள் கீழ்நோக்கித்தான் பார்த்தன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ரேடார் செயற்கைக்கோள். 12 நாள்களுக்கு ஒருமுறை அதே நிலத்தை மீண்டும் பார்த்து, தரை சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். மேகமும் இருளும் அதன் ரேடாருக்குத் தடையில்லை. அதன் தரவு எவருக்கும் இலவசம்.

ஆனாலும் மாணவர்களின் கவலையை நான் ஒதுக்கவில்லை. மனிதரை ஏற்றிச் செல்லும் திட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாது. ஆண்டுதோறும் அது தன் பங்கை முதலில் கேட்கும். பற்றாக்குறை வரும் ஆண்டில் வெட்டு விழுவது ஓசையில்லாத பணிகளின் மேல்தான். என் பொறுப்பில் வரும் 100 கோடியைப் புதிய கலத்துக்குத் தர மாட்டேன். ஏற்கெனவே மலைபோல் குவிந்திருக்கும் தரவைப் படித்து, எந்தச் சரிவு நகர்கிறது, எந்த ஊரின் நிலத்தடி நீர் வற்றி நிலம் தாழ்கிறது என்று மாவட்ட அலுவலருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்கும் ஆட்களுக்குத் தருவேன்.

மறுமொழி 2: மழைக்கணக்கு

பொறியாளர் ஐயா சொன்ன ஓசையில்லாத பணிகளில் ஒன்றை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தேன். என் தந்தை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்தார். தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியின் புனலைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, நீர்ப்பரப்பின் வளைவு அடியில் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்துப் பேரேட்டில் எழுதுவார். சொட்டுக்கூட விழாத நாளில் சுழியம் எழுதுவார். கட்டத்தை வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா அல்லது ஆள் பார்க்கவில்லையா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது என்பார். அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலைக்கு எவரும் அமர்த்தப்படவில்லை. அந்தப் பேரேட்டின் மீதிப் பக்கங்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. இன்று நீரியல் ஆய்வு செய்யும் எனக்கு அந்த வெற்றுக் கட்டங்கள்தான் மிகுந்த துயரம் தருபவை.

செயற்கைக்கோள் இருக்கும்போது மழைமானி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்சாட் போன்ற கலம் மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது. மழை விழுவதோ மேகத்தின் அடியில். உச்சியின் வெப்பநிலையைக் கொண்டு மழையளவைக் கணிக்கும்போது, அந்தக் கணிப்பை ஒத்துப்பார்க்கத் தரையில் ஓர் அளவு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த எண் நமக்குத் தெரிவதே அங்கே ஒரு மழைமானி இருந்ததால்தான். அடுத்த ஊரில் மானி இல்லையென்றால் அங்கே என்ன பெய்தது என்பதை வெள்ளம் வடிந்த சுவடுகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான்.

தொடர்ந்து அளப்பதற்குப் பணம் பெறுவது எல்லா நாடுகளிலும் கடினமாகவே இருந்திருக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கினார். உலகமே அறிந்த அந்த வரைபடத்தில் 1964இல் சில மாதங்களுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. நிதி வெட்டப்பட்டதன் வடு அது. அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஓசோனை அளந்து வந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள்தான் 1985இல் ஓசோன் துளையை உலகுக்கு அறிவித்தார்கள். தரையில் நின்ற பழைய கருவிதான் அதைச் சொன்னது. அந்தத் துளை எவ்வளவு பெரிது என்று காட்டியது செயற்கைக்கோள். இரண்டும் தேவைப்பட்டன, ஆனால் அந்தக் கருவியை இடைவிடாமல் இயக்கியவர்களை எவரும் கொண்டாடவில்லை.

கடலிலும் இதே கதைதான். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நங்கூரமிட்டு வைத்திருக்கிறது. காற்று, அழுத்தம், நீரின் வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றை அவை அளந்து அனுப்புகின்றன. கப்பலில் போய் அவற்றைப் பராமரிக்க வேண்டும். மீன்பிடிப் படகுகளாலும் அடிக்கடி சேதமடைகின்றன.

என் விடை இது: 100 கோடியைச் செலவழிக்கவே வேண்டாம், வைப்பு நிதியாகப் போடுங்கள். வட்டி 7 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டுக்கு 7 கோடி. அளப்பவரின் ஊதியத்துக்கும் கருவியின் பழுதுக்கும் மட்டுமே அது செலவாக வேண்டும். முதல் தொகையை எவரும் தொடக்கூடாது.

மறுமொழி 3: தூத்தூர் கரை

மிதவைகளைப் படகுகள் சேதப்படுத்துகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும். அதனால் அதில் கயிறு கட்டி நின்று தூண்டில் போடுவார்கள். எங்கள் படகும் முன்பு ஒருமுறை அப்படிக் கட்டி நின்றிருக்கிறது. அந்த மஞ்சள் மிதவை புயலின் செய்தியை அனுப்பும் கருவி என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்த பிறகு நாங்கள் கட்டுவதில்லை, மற்றவர்களையும் தடுக்கிறோம்.

எங்கள் ஊரார் ஆழ்கடலுக்குப் போனால் ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரி முனைக்கு அருகே புயலாக மாறியபோது அவர்கள் கரையைவிட்டுப் போய்ப் பல நாள்கள் ஆகியிருந்தன. படகிலிருந்த விஎச்எஃப் கம்பியில்லாப் பேச்சுக் கருவி சில பத்து கிலோமீட்டருக்குத்தான் எட்டும். கரையில் தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கும் தொலைவில் இல்லை. என் சித்தப்பாவின் படகு இன்றுவரை திரும்பவில்லை.

இன்று படகை ஓட்டும் அறையான எங்கள் வீல் ஹவுஸ் கூரைமேல் ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கை, படகிலுள்ளவரின் கைப்பேசித் திரையில் வந்து விழுகிறது. ஆபத்தென்றால் நாங்களும் அதன் வழியே செய்தி அனுப்பலாம். பெட்டி பொருத்தியபின் முதல்முறை கடலுக்குப் போன அன்று, கரை கண்ணுக்கு மறைந்த பிறகும் திரையில் செய்தி வந்ததைப் பார்த்து, படகில் மூத்தவர் ஒருவர் கைப்பேசியை வாங்கி இருமுறை படித்துவிட்டு எதுவும் பேசாமல் திருப்பித் தந்தார்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஜிசாட்-6 ஏவப்பட்டது 2015 ஆகஸ்டில். ஒக்கி வந்தபோது அது எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. எங்கள் படகில் பெட்டிதான் இல்லை. நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்த அரசு ஒதுக்கிய தொகை 364 கோடி; படகொன்றுக்கு 36,400 ரூபாய்தான் ஆகிறது. 100 கோடி இருந்தால் இன்னும் 27,000 படகுகளுக்குமேல் பொருத்தலாம். சிறு வள்ளங்களில் போகிறவர்களை முதலில் கணக்கில் எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மறுமொழி 4: வெள்ளி நோக்கி

முதுகலை மாணவன் நான். தூத்தூர் அண்ணன் எழுதியதைப் படித்தபின் மாற்றுக் கருத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் விண்வெளி ஆய்வு என்ற ஒரே பெயரில் மனிதப் பயணத்தையும் கோள் ஆய்வையும் சேர்த்துக் கட்டுவதை ஏற்க முடியவில்லை. 1,236 கோடியில் ஒப்புதல் பெற்றிருக்கும் வெள்ளிக் கோள் திட்டத்தைப் பாருங்கள். பூமியின் அளவே உள்ள அந்தக் கோள், அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு போர்வைக்குள் ஈயம் உருகும் வெப்பத்தில் கிடக்கிறது. பூமி சூடாவதைப் பற்றி 1988இல் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்ன ஜேம்ஸ் ஹான்சன், தம் ஆய்வு வாழ்க்கையை வெள்ளியின் வளிமண்டலத்தில்தான் தொடங்கினார். வேறொரு கோளைப் படித்தவர்தான் நம் கோளுக்கு என்ன நேர்கிறது என்று எச்சரித்தார். மழைமானிக்கு வைப்பு நிதி வேண்டும் என்பதை நானும் ஆதரிக்கிறேன். அதை வெள்ளித் திட்டத்திலிருந்து எடுக்காதீர்கள்.

குமரி ஆசிரியர்

எல்லோருக்கும் நன்றி. இவற்றை வகுப்பில் வாசித்தேன். ஜிசாட்-6 பற்றிய வரியைப் படித்தபோது அந்த மாணவி அந்த ஆண்டை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். 2015 என்றேன். பிறகு நீண்ட நேரம் அவர் பேசவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, தம் தரப்பை மாற்றிக்கொள்ளவில்லை என்றும், ஆனால் ஏவிய நாளோடு செலவுக் கணக்கை முடித்துவிடக் கூடாது, படகில் பெட்டி ஏறும் நாள்வரை அது திட்டச் செலவிலேயே இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லியும் போனார். அதையே என் தீர்ப்பாகவும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் துறையின் சேமிப்பறையில் பழைய மழைமானி ஒன்று கிடந்தது. துடைத்து, சமன் பார்த்து, திறந்தவெளியில் நிறுத்தியிருக்கிறோம். திங்கள்கிழமை காலை 8.30 மணிக்கு முதல் அளவாகச் சுழியம் எழுதப்பட்டது. தேர்வு விடுமுறையில் யார் வந்து அளப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.